சேவுகண்ணனின் இடது கால்

ரேஸ் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. லாரி வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜின் கத்தும். புகை போகும். ஆனால் அந்த இழுவை சக்கரத்துக்கு வந்து சேராது. நடுவில் இருக்கிற கிளட்ச் பிளேட் பிடிக்காமல் வழுக்கும்.

எங்கள் அம்மா அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்ட பதிமூன்று செவ்வாயில் அது ஐந்தாம் செவ்வாய். புதுவயலில் அரிசி மூட்டை ஏற்றித் திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏறியதும் இன்ஜின் சத்தம் கூடியது, வேகம் குறைந்தது. கருகிய நாற்றம். வண்டி நின்றது. பிறகு பின்னுக்கு நகர்ந்தது. எங்களை ஒட்டினாற்போல் ஒரு மினி பஸ், உள்ளே முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள்.

எங்கள் டிரைவர் சேவுகன், எனக்குச் சேவுகண்ணன், ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். குரல் உயரவே இல்லை. "பாப்பா, எறங்கி டயருக்கு அண்டக் குடு" என்றார். சீட்டுக்கு அடியில் கிடந்த மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்தேன். பின் சக்கரத்துக்கு அணை கொடுத்தேன். மினி பஸ்ஸின் முன்கண்ணாடிக்கும் எங்கள் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையலாம், அவ்வளவுதான் இடைவெளி. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் காதில் இயர்போனோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த முகம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அந்த இடத்தில் நான் முதலில் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேபினுக்கு ஏறிப்போய், பின்னால் நின்ற பஸ்காரர்கள் காதில் விழும்படி, என்னைத் தூக்கி வளர்த்த மனிதரைப் பார்த்து, "இன்னும் எத்தனை பிளேட்டத்தான் எரிப்பீக?" என்று கேட்டேன்.

அந்தோணியாருக்கு நன்றியாக நான் எழுதும் இந்தச் சாட்சி அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் எங்களுக்கு ஒரே ஒரு லாரி. அப்பா பைக்கில் விழுந்து முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதும், மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் வண்டியைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தேன். வந்த வேகத்தில் டயர் காற்று முதல் டீசல் வரை எல்லாவற்றுக்கும் போனில் ஒரு பட்டியல் போட்டேன். நான் குழந்தையாக இருந்தபோதே எங்களிடம் வந்த சேவுகண்ணன், பதினோரு வருடமாக ஓட்டிய வண்டிக்கு எப்படி கியர் மாற்ற வேண்டும் என்று அவருக்கே வாட்ஸப்பில் வீடியோ அனுப்பினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். பார்த்தாரா என்று தெரியாது.

மாசி மாதத்தில் பழைய கிளட்ச் பிளேட் தேய்ந்து போய்விட்டது. அது வயதானது, நியாயமான தேய்மானம். புதுசு மாற்றினோம். வண்டி நல்லபடி ஓடட்டும் என்று அம்மா அந்த வாரமே பதிமூன்று செவ்வாயைத் தொடங்கினார்கள். விடியற்காலையில் குளித்துவிட்டு கேபினுக்குள் ஏறி உட்கார்ந்து செபம் சொல்வார்கள், பிறகு கோயிலுக்கு, நவநாள் செபத்துக்குப் போவார்கள்.

மூன்றாம் செவ்வாய்க்குள் அந்தப் புதுப் பிளேட் கருகிப் போனது. கானாடுகாத்தானுக்குப் பிரிகிற விலக்கு ரோட்டில் வண்டி படுத்துக்கொண்டது. பெரிய வீடுகளைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் வேனை நிறுத்தி, எங்கள் லாரி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். நான் போன் செய்த கையோடு மெக்கானிக் சிக்கந்தர் பாய் வந்தார். கழற்றிய பிளேட்டை என்னிடம் நீட்டி, "இது கால் பண்ணுன வேலை இஞ்சினியரம்மா. பெடல்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுனா இப்பிடித்தான் கருகும்" என்றார். இன்னொரு பிளேட் போட்டார். சந்தேகத்துக்கு, பெடலை மிதிக்கிற அழுத்தத்தை ஆயில் வழியாக கிளட்சுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் வாஷரையும் மாற்றினார்.

ஐந்தே நாள் நன்றாக ஓடியது. மறுபடி அதே கதை. காலையில் குளிர்ந்த வண்டி குதிரை மாதிரி போகும். இரண்டு மணி நேரம் ஓடிச் சூடானதும் வழுக்கும். ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும். ஆயில் குழாயில் அடைத்திருக்கும் காற்றை எடுத்துப் பார்த்தோம். பெடல் கம்பியை அட்ஜஸ்ட் செய்து பார்த்தோம். நான் இணையத்தில் தேடாத பக்கம் இல்லை. எல்லாப் பக்கமும் கடைசியில் ஒரே காரணத்தைத்தான் சொன்னது: டிரைவரின் இடது கால்.

சேவுகண்ணன் மட்டும் வேறு மாதிரிச் சொன்னார். "கால எடுத்தாலும் பெடல் முழுசா மேல வரமாட்டேங்குது பாப்பா." கானாடுகாத்தானில் ஒருமுறை, பட்டறையில் ஒருமுறை, வீட்டு வாசலில் ஒருமுறை. மூன்று முறையும் நான் போனைப் பார்த்துக்கொண்டே "சரி பாக்குறேன்ணே" என்றேன். பார்க்கவில்லை. தப்பு செய்தவர் சாக்குச் சொல்கிறார் என்றுதான் என் மனதில் ஓடியது.

அதற்குப் பிறகுதான் அந்த மேம்பாலம்.

மேம்பாலத்தில் எரிந்தது, நாங்கள் புதிதாகப் போட்டதில் இரண்டாவது பிளேட். அன்றைக்கே நான் அப்பாவிடம் உட்கார்ந்து பேசினேன். உயிர் போகிற விஷயம், இதற்கு மேல் இவரை வைத்துக்கொள்ள முடியாது என்றேன். அப்பா வெகுநேரம் முழங்காலையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு, அடுத்த வாரம் சனிக்கிழமையோடு வேறு ஆளைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

புதுவயல் மில்களில் செய்தி பரவுவதற்கு ஒரு லோடு ஏற்றுகிற நேரம் போதும். "கிளட்ச்ச எரிக்கிற ஆளு" என்று ஒரு டிரைவருக்குப் பேர் விழுந்துவிட்டால், இந்தப் பக்கம் எந்த முதலாளியும் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார். அது எனக்கும் தெரியும். சேவுகண்ணனுக்கு ஐம்பத்து மூன்று வயது. அவர் என்னிடம் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேபினைத் துடைத்து வைத்தார்.

எனக்கு நிம்மதி இல்லை. புதுப் பிளேட் போட்டிருந்தோம், அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. சரியாகத்தான் செய்கிறோம் என்று மூளை சொன்னது. வேறு எதுவோ என்னைத் தூங்கவிடாமல் குடைந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் கோயிலில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் நின்றேன். நான் அழகாகச் செபிக்கத் தெரிந்தவள் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், கோபமாகத்தான் கேட்டேன். "காணாமல் போனதையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்கிறார்களே. அந்தக் காலை எனக்குக் காட்டிக்கொடும். யார் கால் என்று நான் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் போதும், என் மனசு ஆறிவிடும்."

செபித்துவிட்டு வெளியே வரும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்தோணியார் கொடுத்த யோசனை என்று இப்போது நம்புகிறேன். அன்றைக்கு என் மூளைதான் என்று நினைத்தேன்.

வீட்டில் கிடந்த பழைய போனைச் சார்ஜில் போட்டேன். மறுநாள், ஆறாம் செவ்வாய், விடியற்காலையில் யாரும் எழுந்திருக்கும் முன்னால் கேபினுக்குள் போய், டாஷ்போர்டுக்கு அடியில் பெடல்களைப் பார்க்கிற மாதிரி அந்தப் போனை டேப் போட்டு ஒட்டினேன். வீடியோவை ஓடவிட்டேன். சேவுகண்ணனுக்குத் தெரியாது. வேவு பார்த்தேன் என்று சொல்வதற்கு இப்போதும் நாக்குக் கூசுகிறது.

வண்டி திருச்சி போய்த் திரும்பியது. போகும்போது மறுபடி வழுக்கியதாம். நான் போனைப் பிரித்தெடுத்துக்கொண்டு போய், நல்ல வெயில் நேரத்தில், வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்தேன். முதல் மூன்று மணி நேரம் பதிவாகியிருந்தது. வண்டி ஓடுகிற இடத்துக்குத் தள்ளினேன்.

கியர் மாற்றும்போது அவருடைய இடது கால் வந்தது, மிதித்தது, போனது. பிறகு கழற்றிப் போட்ட செருப்புக்குப் பக்கத்தில், தரையில், தட்டையாக இருந்தது. பத்து நிமிடம். அரை மணி. ஏதோ பாட்டுக்குப் பெருவிரல் மட்டும் தாளம் போட்டது. பெடல் பக்கமே போகவில்லை. இரண்டு மணி நேரம் தாண்டியதும் இன்ஜின் சத்தம் ஏறுவது கேட்டது. ரேஸ் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. அந்தக் கால் அப்போதும் தரையில்தான் இருந்தது. ஆனால் பெடல், யாரும் தொடாத பெடல், மேலே வராமல் பாதியில் நின்றது. அவர் சொன்னது சொன்னபடியே.

யார் மிதிக்கிறார்கள் என்று தெரியாமல் வீடியோவை ஆரம்பத்துக்குக் கொண்டு போனேன்.

முதலில் இருட்டு. பிறகு கேபின் கதவு திறக்கும் சத்தம். பெடலுக்குப் பக்கத்தில் இரண்டு வெறுங்கால்கள். அம்மாவின் நீலச் சேலைக் கரை. அம்மாவின் குரல்.

"கோடி அற்புதரே, எம்புள்ள சிரிச்சு ரெண்டு மாசமாச்சு. சேவுகனை அனுப்பிறப் போறாக. அவன் மேல தப்பு இருக்காது, எனக்குத் தெரியும். நீர்தான் பாத்துக்கணும்."

அதற்குப் பிறகு ஒரு மூடியைத் திருகுகிற சத்தம். பிறகு, களுக், களுக்.

அந்தச் சத்தத்தை நான் நான்கு முறை கேட்டேன். எழுந்து வண்டிக்கு ஓடினேன். டாஷ்போர்டு மூடியைத் திறந்தேன். உள்ளே கிளட்ச் ஆயில் டப்பா. அதன் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். மேலே ஒரு விரல் கனத்துக்குத் தனியாக ஒரு படலம் மிதந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். தேங்காய் எண்ணெயும் சாம்பிராணியும் கலந்த வாசனை. எங்கள் வீட்டுப் பீடத்தில், மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சீசாவின் வாசனை. திருத்தலத்துக்குப் போனபோது அம்மா வாங்கி வந்த மந்திரித்த எண்ணெய்.

அப்போதுதான் முதல் செவ்வாய் எனக்கு ஞாபகம் வந்தது. நான் வண்டிக்குப் பக்கத்தில் மில் கணக்குப்பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா சீசாவோடு வந்து, "ஜெனி, இதுல கிளட்ச்சு எதுடி? எண்ண வைக்கணும்" என்று கேட்டார்கள். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "அந்த மூடியத் தொறங்கம்மா, உள்ள வெள்ள டப்பா இருக்கும், அதான். வைங்க" என்றேன். சிலுவை அடையாளமாக ஒரு சொட்டுப் பூசப் போகிறார்கள் என்று நினைத்தேன். டாஷ்போர்டு மூடியைச் சொன்னேன். அம்மா டப்பா மூடியைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆயில் டப்பாவில் எண்ணெய் வைப்பதென்றால் ஊற்றுவதுதானே? செவ்வாய்க்கு ஒரு மூடி. கிளட்ச் மோசமாகப் போகப் போக, பாவம், இரண்டு மூடி.

இன்ஜினியரிங் படித்த எனக்கு மீதியை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கிளட்ச் ஆயிலில் வேறு எண்ணெய் கலந்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் உப்பிவிடும். உப்பிய ரப்பர், ஆயில் திரும்பிப் போகிற சின்னத் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். சூடாகி விரிந்த ஆயில் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கால் பெடலை மிதித்துக்கொண்டே இருப்பது போலத்தான். அந்தக் காலைத்தான் எனக்குக் காட்டும் என்று கேட்டிருந்தேன். காட்டிவிட்டார். அது சேவுகண்ணனுடையது இல்லை. என்னுடையது.

கிணற்றடிக்குத் திரும்பி வந்து சிரித்தேன். பிறகு அழுதேன். எது முதலில் என்று இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மார்பில் இரண்டு மாதமாக ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது.

புதன்கிழமை காலையில் சேவுகண்ணன் கேபினிலிருந்து தன் சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தலையணை, ஒரு சீப்பு, கண்ணாடிக்கு மேல் ஒட்டியிருந்த கருப்பர் படம். சனிக்கிழமை வரை காத்திருக்க அவருக்கு மனமில்லை போல. நான் வீடியோவைக் காட்டினேன். முழுவதையும் பார்த்தார்.

"என் காலையா படம் புடிச்ச?" என்றார். "சொல்லிருந்தா நகத்த வெட்டியிருப்பேனே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

அவர் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு பெடலைப் பார்த்தார். "மூணு தடவ சொன்னேன் பாப்பா" என்றார். அவ்வளவுதான். நான் அந்தத் தலையணையை வாங்கி, கேபினில் பழைய இடத்திலேயே வைத்தேன்.

சிக்கந்தர் பாய் வந்து மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தார். வாஷர் ஊறவைத்த சுண்டல் மாதிரி உப்பியிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "நானும் காலைத்தானே கொறை சொன்னேன், நம்ம கண்ணும் அல்லாகிட்ட பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, சேவுகண்ணனுக்கு அவரே டீ வாங்கி வந்தார். ஆயில் முழுவதையும் வடித்து, குழாய்களைக் கழுவி, ரப்பர் இருந்த அத்தனை இடத்திலும் புதுசு மாற்றினார்.

அம்மாவிடம் சொல்வதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். பாலத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கடைசியில், "அப்ப அந்த எண்ணெயில சத்தி ஒண்ணுமில்லையா?" என்று மெல்லக் கேட்டார்கள்.

அப்பாவைப் பார்க்க வந்திருந்த சேவுகண்ணன்தான் பதில் சொன்னார். "என்னம்மா இப்பிடிக் கேக்குறீக? சத்தி இல்லாமலா ரெண்டு பிளேட்டத் தின்னுச்சு?"

அம்மா அழுகையோடு சிரித்துவிட்டார்கள். அப்பா கட்டிலில் இருந்தபடியே சேவுகண்ணன் கையைப் பிடித்தார்.

எனக்கு இன்னும் ஒரு வேலை இருந்தது. அன்றைக்கு பஸ்காரர்கள் கேட்கத்தானே பேசினேன்? வெள்ளிக்கிழமை புதுவயலுக்குப் போனேன். மில் வாசலில் பத்துப் பதினைந்து வண்டி வரிசையில் நிற்கிற நேரம். டிரைவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள், கணக்குப்பிள்ளை எல்லோரும் இருந்தார்கள். சேவுகண்ணன் ஒரு பிளேட்டைக்கூட எரிக்கவில்லை, எங்கள் வீட்டு எண்ணெய் கிளட்ச் ஆயிலில் கலந்ததுதான் காரணம், நான் விசாரிக்காமல் பழி போட்டேன் என்று சொன்னேன். ஒரு டிரைவர், "அப்ப இனிமே தாளிக்கிறதா இருந்தா சட்டியில தாளிங்கம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் பாவசங்கீர்த்தனத்துக்குக் கிடைத்த தண்டனையாக வாங்கிக்கொண்டேன். அதில் சேவுகண்ணனும் சேர்ந்து சிரித்தார். அது போதும் எனக்கு.

ஏழாம் செவ்வாயிலிருந்து கிளட்ச் வழுக்கவில்லை. ஒருநாளும் இல்லை.

பதிமூன்றாம் செவ்வாய் அன்று அம்மாவும் எங்களோடு வண்டியில் வந்தார்கள். முழு லோடு. அதே மேம்பாலம். ஏறத் தொடங்கியதும் அம்மா செபமாலையை இறுக்கிப் பிடித்தார்கள். நான் சேவுகண்ணனின் இடது காலைப் பார்த்தேன். அது தரையில், செருப்புக்குப் பக்கத்தில், பெருவிரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ரேஸ் ஏறியது. வண்டியும் ஏறியது. உச்சியில் போய்க் கீழே ஊர் தெரிந்தபோது நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

இறங்கியதும் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள் அம்மா. முந்தானையிலிருந்து அந்தச் சீசாவை எடுத்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேவுகண்ணன் சட்டென்று டாஷ்போர்டு மூடி மேல் கையை வைத்து மறைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே வேட்டியை ஒதுக்கி இடது முழங்காலைக் காட்டினார்.

"இங்குட்டுப் போடுங்கம்மா. நெசமா தேஞ்சது இதுதான்."

அம்மா இரண்டு சொட்டு விட்டு, சிலுவை வரைந்து, தன் கையாலேயே தேய்த்துவிட்டார்கள். எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அன்றைக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது என் போனில் பட்டியல் இல்லை. காலையில் வண்டி கிளம்பும் முன்னால் சேவுகண்ணனிடம், "இன்னிக்கி வண்டி என்ன சொல்லுது அண்ணே?" என்று கேட்கிறேன். அவர் சொல்லி முடிக்கும் வரை போனைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். எனக்கு இது சின்ன மாற்றம் இல்லை.

என்னைப் போல் ஏதாவது ஒன்றைத் தொலைத்துவிட்டுத் தவிக்கிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு வாருங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே கேளுங்கள், அவர் தாங்கிக்கொள்வார். நிச்சயம் கண்டுபிடித்துக் கொடுப்பார். நம் வீட்டுக்குள்ளேயே இருந்து எடுத்துக் கொடுத்தாலும் பயப்படாமல் கையை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருகிற நிம்மதி இருக்கிறதே, அதை நான் அந்தப் பாலத்து உச்சியில் அனுபவித்தேன். கருகிய நாற்றமே இல்லாத காற்று, ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது.